கல் மண்டபத்தில் தேவாரம் புரிய எத்தனை வாட்ஸ் வேண்டும்?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் மகாமண்டபம் முழுக்கக் கருங்கல். 60 அடி நீளம், 30 அடி அகலம். ஓதுவார் பாடும் தேவாரம் பின்னால் நிற்பவர்களுக்குச் சத்தமாகத்தான் கேட்கிறது, ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 1.5 லட்சம் ரூபாய் உபயம் தருகிறார். 1000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய பாக்ஸும் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். சத்தம் போதவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை, புரியவில்லை என்கிறீர்கள். அதற்கு வாட்ஸ் மருந்தில்லை.

கருங்கல் தன் மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கைக்கூட உள்வாங்காது. மீதியெல்லாம் திரும்பி வரும். தூண், சுவர், தளம், விதானம் எல்லாமே கல் என்பதால், முதல் சொல் அடங்குவதற்குள் மூன்றாவது சொல் அதன் மேல் ஏறிவிடுகிறது. வாட்ஸைக் கூட்டினால் ஓதுவாரின் நேர்க்குரல் கூடும், எதிரொலியும் அதே அளவு கூடும். பாட்டு இன்னும் பலமாகப் புரியாமல் போகும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது ஸ்பீக்கரை ஜனங்களுக்குப் பக்கத்தில் கொண்டு போவது. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். எதிரொலியோ மண்டபம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆகவே சின்ன பெட்டிகளாக நாலு, ஒவ்வொன்றும் குறைந்த சத்தத்தில். இதற்குக் காலம் (column) ஸ்பீக்கர் என்று கேட்டு வாங்குங்கள். நீளமான பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒலி பக்கவாட்டில் விரியும், விதானத்துக்கு அதிகம் ஏறாது. கல் மண்டபத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் முடிவு.

ஒரு ஜோடி முன்புறத் தூண்களில், இன்னொரு ஜோடி 30 அடி தள்ளி நடுத்தூண்களில். நான்கும் பின்பக்கம் பார்த்து, 7 அடி உயரத்தில், கொஞ்சம் கீழே சாய்ந்து இருக்கட்டும். முன்ஜோடியின் ஒலி நடுஜோடி வரையுள்ள 30 அடியைக் கடக்கச் சுமார் 26 மில்லிசெகண்ட் ஆகும். 50 மில்லிசெகண்டைத் தாண்டினால்தான் பேச்சு இரண்டாகப் பிரிந்து கேட்கும். அதனால் பின்ஜோடியின் ஒலியைத் தாமதப்படுத்தும் டிலே கருவி உங்களுக்குத் தேவையில்லை. பெட்டிக்கு 20 வாட்ஸ் என்றால் மொத்தம் 80. அதற்கு 120 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் தாராளம். 100 வோல்ட் லைன் (ஒலியைக் கூடுதல் வோல்டேஜில் நீண்ட வயரில் அனுப்பும் முறை) வசதி உள்ளதாகவும், பெட்டியில் அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாகவும் பார்த்து எடுங்கள். வயர் நீளமானாலும் சத்தம் அவ்வளவாக இறங்காது. வீட்டு ஹோம் தியேட்டர் பாக்ஸை அந்த லைனில் நேரடியாகச் சொருகக் கூடாது. உபயத் தொகையில் பாதிகூடச் செலவாகாது.

இனி மைக். பல கோயில்களில் ஊளைச் சத்தம் வருவதற்குக் காரணம் ஓதுவார் நிற்கும் திசை. அவர் சுவாமியைப் பார்த்துப் பாடுகிறார், மைக் அவர் வாயைப் பார்க்கிறது. அதாவது மைக்கின் முகம் ஜனங்கள் பக்கம், ஸ்பீக்கர் ஒலி தெறித்து வரும் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள், முன்ஜோடிப் பெட்டிகள் அவருக்கு முன்னால் ஜனங்கள் பக்கமாகத் தள்ளி இருக்கட்டும். சாதாரண டைனமிக் கார்டியாய்டு மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகமாகவும் பின்னாலிருந்து வருவதைக் குறைவாகவும் வாங்குவது) போதும். வாயிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடினால் வால்யூமைப் பாதியாகக் குறைக்கலாம். ஓரடி தள்ளி நின்று உரக்கப் பாடிப் பழகிய பெரியவர்களுக்கு இது சங்கடம்தான். பொறுமையாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். தீபாராதனை மணி அடிக்கும்போது மைக்கை அணைத்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் எக்கோ என்று ஒரு திருகு இருந்தால் அது பூஜ்யத்திலேயே இருக்கட்டும். எக்கோ கொடுக்கத்தான் கல் இருக்கிறதே! பேஸையும் நன்றாக இறக்குங்கள். மண்டபத்தில் அதிக நேரம் சுற்றி வருவது அந்தக் கனத்த ஒலிதான்.

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தயவுசெய்து மைக் வைக்காதீர்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனம் நாலு வீதிக்கும் கேட்க என்றே செய்தது. அதை மண்டபத்துக்குள் ஸ்பீக்கரில் ஊதினால் வாசிப்பவரின் நுணுக்கம் எல்லாம் போய் இரைச்சல்தான் மிஞ்சும்.

தூணில் துளை போட வேண்டாம். ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப் போதும். அதற்கும் அறநிலையத் துறையில் எழுதிக் கேட்டுவிடுங்கள். வயர் செம்பாக, பைப்புக்குள் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அணில் விட்டுவைக்காது. எர்த் கட்டாயம்.

வெளியே குழாய் ஸ்பீக்கர் இருந்தால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் கவனியுங்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிக்கக் கூடாது. மார்கழி என்றாலும் விடியற்காலைப் பாட்டு உள் பெட்டிகளில், மண்டபத்துக்குள் மட்டும் ஒலிக்கட்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உடம்பு முடியாதவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் உள்ளூர் மைக்செட்காரரிடம் நாலு காலம் பெட்டியை வாடகைக்கு எடுத்து ஒரு பிரதோஷத்தன்று கட்டிப் பாருங்கள். ஆள் நிறைந்தால் எதிரொலி குறையும், காலி மண்டபத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மனப்பாடமான பதிகத்தை வைத்தும் சோதிக்க வேண்டாம், தெரிந்த பாட்டின் விட்டுப்போன சொல்லை மனசே நிரப்பிக்கொள்ளும். அர்ச்சனைச் சீட்டில் உள்ள பெயர்களையும் நட்சத்திரங்களையும் ஒருவர் வாசிக்கட்டும், கடைசித் தூணருகே இன்னொருவர் எழுதட்டும். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் அதே அமைப்பில் வாங்குங்கள். வரவில்லையென்றால் பெட்டியை இன்னும் ஓரடி இறக்கி, சத்தத்தைக் குறைத்து மறுபடி எழுதிப் பாருங்கள். சரியாக வந்த இடத்தில் ஒவ்வொரு திருகுக்கும் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்து, ஆம்ப்ளிஃபயரைப் பூட்டுள்ள அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.