கார் உள்ளே ஸ்ப்ரே அடித்தால் கண்ணாடி, ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் படிகிறதே, என்ன செய்யலாம்?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஆனி ஆடியில் கார் கதவைத் திறந்துபோட்டு டேஷ்போர்டு பாலிஷ் அடித்தால் பாதி முன்கண்ணாடிக்குத்தான் போகும். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று அப்படி. காற்றுள்ளபோதே தூற்றச் சொன்னது நெல்லை, பாலிஷை அல்ல!

காரில் அடிக்காதீர்கள், துணியில் அடியுங்கள். முக்கால்வாசித் தொல்லை அதிலேயே தீரும். 40 செ.மீ. சதுர மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, காருக்கு வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நாசிலைத் துணிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து இரண்டு மூன்று தடவை அடியுங்கள். துணியைக் கையால் ஒரு கசக்குக் கசக்கினால் ஈரம் பரவிவிடும். பிறகு துடையுங்கள். அமுக்கி அடிக்கும் கேனைவிட விசை இழுக்கும் பாட்டில் மேல். கேனின் பொடித்துளி காருக்குள் மிதந்து நிதானமாகப் படியும். ஏசி ஊதியை நிறுத்திவிட்டே தொடங்குங்கள். ஏசி காற்று வரும் துவாரத்தின் இடுக்குக்குச் சின்ன பெயின்ட் பிரஷ். மருந்தைப் பிரஷ் நுனியில் தொட்டுக்கொண்டால் போதும்.

பவர் விண்டோ சுவிட்ச், மியூசிக் சிஸ்டம் பக்கம் நேராக அடிக்கவே கூடாது. மருந்து இடுக்கில் இறங்கினால் பட்டன் ஒட்டிக்கொள்ளும். மியூசிக் சிஸ்டத்தின் திரைக்கு லேசாக நனைத்துப் பிழிந்த துணி போதும். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், ஃபிலிம் கெட்டுப்போகும்.

ஸ்டீயரிங், பெடல், கியர் குமிழ் இவற்றில் பாலிஷ் பட்டால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். பல பாலிஷ்களில் இருப்பது சிலிக்கோன், வழுக்கும். அதுவே முன்கண்ணாடியில் படிந்தால் பகலில் தெரியாது. ராத்திரி புளியரை எஸ் வளைவில் எதிரே லாரி விளக்கு அடிக்கும்போதுதான் வெளிச்சம் பூவாக விரியும். வாயால் ஊதிப் பாருங்கள்; ஆவி திட்டுத்திட்டாகப் படிந்தால் அழுக்கு இருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு. கண்ணாடியை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தால், அலாய் வீல் கிளீனரை மட்டும் நேராக அடிக்க வேண்டியிருக்கும். வண்டி ஓடி வந்த சூட்டில் வேண்டாம், காய்ந்து கறையாகும். பக்கத்துப் பாடியில் முதலில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். தெறிக்கிற துளி ஒட்டாமல் கரைந்து ஓடும். ஒரு வீலை முடித்துக் கழுவிய பிறகே அடுத்தது.

டயர் பாலிஷைப் பலரும் நேராக அடிக்கிறார்கள். இதைத்தான் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். அலாய் வீலின் இடைவெளி வழியே பிரேக் டிஸ்க்கில் படும். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும் ஊறிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பாதியாக நறுக்கி, அதில் எடுத்து டயரின் பக்கச் சுவரில் மட்டும் தடவுங்கள். தரையில் படும் பகுதியில் வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டில் கறுப்புப் புள்ளி போடும். டிஸ்க்கில் ஏற்கெனவே பட்டுவிட்டதென்றால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் மெக்கானிக்கிடம் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.