பேண்ட்வித்: வேகமா, அகலமா?

தொலைபேசித் துறையில் அலைபரப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ‘பேண்ட்வித்’ பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஐயா, பேண்ட்வித் என்றால் இணைய வேகம்தானே? (கல்லூரி மாணவி)

இன்று எல்லோரும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள், அம்மா. ஆனால் அந்தச் சொல் பிறந்தது அகலத்தைக் குறிக்க. ஒரு தடம் கடத்தும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கும் இடையிலுள்ள தூரமே பேண்ட்வித். அதன் அலகு ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது.

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அகலம் 3,100. பேசுவதற்கு அது போதும். ஆனால் ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் உயர்ந்த அதிர்வெண்கள் வெட்டுப்பட்டுவிடும். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லியும் மறுமுனையில் தவறாக எழுதிக்கொண்டது அதனால்தான். வானொலியிலும் இதே கதை. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. எஃப்.எம். நிலையத்துக்கோ ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கிறது. வீணையின் நாதம் அங்கே முழுமையாகக் கேட்கிறது.

அகலம் எப்படி ‘நொடிக்கு இத்தனை பிட்’ என்று ஆனது?

பிட் என்பது 0 அல்லது 1 என்ற தகவலின் மிகச் சிறிய அலகு. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் அகலத்தையும் பிட்டையும் ஒரே சூத்திரத்தில் இணைத்தார். ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய தகவலின் உச்ச அளவை அதன் அகலமும், இரைச்சலைவிடச் சமிக்ஞை எத்தனை மடங்கு வலுவானது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சமிக்ஞை ஆயிரம் மடங்கு வலுவாக இருந்தால், 3,100 ஹெர்ட்ஸ் தொலைபேசித் தடத்தில் நொடிக்குச் சுமார் 31,000 பிட் போகும். அதே வலு விகிதத்தில் அகலத்தை இரட்டிப்பாக்கினால் பிட்டும் இரட்டிப்பாகும். அகலத்தை விட்டுவிட்டுச் சமிக்ஞையின் வலுவை மட்டும் இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3,100 பிட். அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் கோடி கோடியாகக் கொட்டுவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு வாங்கினேன். பதிவிறக்கம் நொடிக்கு 12 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இணைப்பைப் பிட்டில் விற்கிறார்கள், கோப்பைப் பைட்டில் அளக்கிறார்கள். எட்டு பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5.

கூடுதல் பணம் கட்டி இணைப்பை இரட்டிப்பாக்கினேன். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகனோடு பேசும்போது தாமதம் மட்டும் குறையவில்லையே?

குறையாது, ஐயா. நீங்கள் வாங்கியது அகலம், தூரம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து அங்கே நேர்கோட்டுத் தூரமே சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 140 மில்லிநொடி கட்டாயம் ஆகும். கேபிள் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூடுதல். முன்பு 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேசியபோது, கேள்விக்குப் பதில் வர அரை நொடி ஆனது. பேச்சு விட்டு விட்டுக் கேட்டால் முதலில் வைஃபை பெட்டிக்கு அருகில் அமர்ந்து பேசிப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.

என் மேலாளர் எதற்கெடுத்தாலும் ‘எனக்கு பேண்ட்வித் இல்லை’ என்கிறார். இது சரியான பயன்பாடா?

நேரமில்லை என்ற பொருளில் சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. நேரமிருந்தும் மனத்தில் இடமில்லாத நிலையைச் சொன்னால் மிகப் பொருத்தம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஆய்வாளர்களில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் இருவரும் உண்டு. ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்பும், கரும்புப் பணம் கைக்கு வந்த பின்பும் சோதித்தார்கள். முன்பு பின்தங்கியவர், பின்பு மேலாகச் செய்தார். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. கடனும் அடகும் அவர் மனத்தின் அகலத்தை அடைத்துக்கொண்டிருந்தன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடன்பட்டவரைச் சோம்பேறி, விவரமில்லாதவர் என்று பேசுவோர் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பாடநூலில் ‘பட்டையகலம்’. மனிதருக்கு வேறு சொல்லே வேண்டாம்: ‘இப்போது மனத்தில் இடமில்லை’ என்றால் எல்லோருக்கும் புரியும்.