வாசகர் கேள்வி – பதில்: நத்தார் இரவு எட்டரை மணி

கேள்வி: காலஞ்சென்ற என் அப்பப்பாவின் வேதாகமத்துக்குள் ஒரு நாளிதழ்த் துண்டு கிடந்தது. 'டிசம்பர் 25, சனிக்கிழமை, இன்றைய வானொலி' என்று மேலே உள்ளது. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. 'இரவு 8.30: மகாராணியாரின் நத்தார்ச் செய்தி' என்ற வரியின் கீழ் அப்பப்பா பென்சிலால் கோடிட்டிருக்கிறார். பின்பக்கத்தில் 'பிரதமர் கொத்தலா' என்பது வரைதான் வாசிக்க முடிகிறது. இது எந்த ஆண்டுக்குரியது? (கல்லடி வாசகி)

பதில்: 1954ஆம் ஆண்டுக்குரியது. இரண்டாம் எலிசபெத் அரசியானது 1952 பெப்ரவரியில். இலங்கை குடியரசானது 1972 மே மாதத்தில். இந்த இடைவெளியில் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், சனிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1954, 1965, 1971 ஆகிய மூன்றே. பின்பக்கத்தில் பாதி அறுந்து நிற்கும் பெயர் சேர் ஜோன் கொத்தலாவலையுடையது என்பதில் ஐயமில்லை. அவர் பிரதமராக இருந்தது 1953 ஒக்டோபர் முதல் 1956 ஏப்ரல் வரை. ஆகவே மற்ற இரண்டு ஆண்டுகளும் தாமாகவே விலகிவிடுகின்றன.

உங்கள் அப்பப்பா ஏன் கோடிட்டார் என்பதற்கும் அந்த ஆண்டே ஒரு காரணம் சொல்கிறது. 1954 ஏப்ரலில்தான் அரசியார் இலங்கைக்கு வந்து கொழும்பு, கண்டி, பொலன்னறுவை ஆகிய இடங்களைப் பார்த்துச் சென்றார். படத்தில் மட்டும் கண்ட ஒருவர் நம் நாட்டு மண்ணில் நடந்து போன எட்டாம் மாதம் அவருடைய குரல் வீட்டுக்குள் வருகிறது என்றால், அரச பக்தி இல்லாதவரும் காது கொடுத்திருப்பார். முந்திய ஆண்டு நத்தாரை நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் கழித்து அங்கிருந்தே பேசிய அரசியார், 1954இல் தம் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையிலிருந்து பேசினார்.

கேள்வி: அந்தச் செய்தி எப்போதும் இரவு எட்டரைக்கே வந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நத்தார் நாளில் காலையில் அல்லவா வாழ்த்துச் சொல்வது வழக்கம்? (மட்டக்களப்பு நகர வாசகர்)

பதில்: எட்டரை என்பது நம் கடிகாரத்துக்கு, பேசியவர்களுடைய கடிகாரத்தில் அது பிற்பகல் 3 மணி. குளிர்காலத்தில் இலண்டன் நேரத்துக்கும் அக்கால இலங்கை நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணி. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1932 டிசம்பர் 25ஆம் திகதி முதன்முதலாக வானொலியில் நத்தார்ச் செய்தி சொன்னபோது, பேரரசின் மிகப் பல நாடுகளுக்குச் சிற்றலை ஒரே வேளையில் எட்டக்கூடிய நேரம் எது என்று பார்த்தே பிற்பகல் 3 மணியைத் தெரிந்தெடுத்தார்கள். கடல் கடந்த நாடுகளுக்கான பி.பி.சி.யின் ஒலிபரப்பு தொடங்கி அப்போது ஆறு நாட்களே ஆகியிருந்தன. மன்னர் வாசித்த உரையை எழுதிக் கொடுத்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்.

முதல் நாள் மாலையிலும் இதே கணக்குத்தான். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1918 முதல் நடந்துவரும் ஒன்பது வாசகங்களும் நத்தார் கீதங்களும் கொண்ட வழிபாட்டை பி.பி.சி. 1928இல் ஒலிபரப்பத் தொடங்கியது. அதுவும் டிசம்பர் 24ஆம் திகதி அவர்கள் ஊர்ப் பிற்பகல் மூன்றுக்கே ஆரம்பமாகும். அங்கே சன்னலுக்கு வெளியே பொழுது சாயத் தொடங்கும் வேளையில், தனிச் சிறுவன் ஒருவன் வாத்தியத் துணையின்றி முதல் அடியைப் பாட, இங்கே மட்டக்களப்பின் புளியந்தீவில் இராச் சாப்பாடு முடிந்து, நள்ளிரவுப் பூசைக்குப் போகுமுன் பிள்ளைகளைச் சற்று உறங்க வைக்கும் நேரமாயிருக்கும்.

1960 முதல் அரசியாரின் செய்தி முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. அதன் பிறகு எட்டரை என்பது கட்டாயமில்லை.

கேள்வி: மின்சாரம் இல்லாத அந்த நாளில் கிராமத்து வீடுகளில் வானொலி எப்படிப் பாடியது? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: என் பெரியப்பாவின் வீட்டில் பாடிய விதத்தைச் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் இதுவேதான் நடைமுறை. றேடியோப் பெட்டிக்குப் பின்னால் அதன் பாதியளவில் ஓர் உலர் பற்றரி இருக்கும். வால்வுகளின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட்டும், அவற்றை இயக்கத் தொண்ணூறு வோல்ட்டும் அந்த ஒரே கட்டுக்குள்ளிருந்து வரவேண்டும். முற்றத்துத் தென்னைகள் இரண்டுக்கிடையே செப்புக் கம்பி கட்டி ஏரியலாக இறக்கியிருப்பார்கள். இன்னொரு கம்பி சன்னலடியில் புதைத்த இரும்புக் குழாய்க்குப் போகும். ஈரமான மண்ணில்தான் அந்தத் தொடுப்பு நன்றாக வேலை செய்யும் என்பதால் கோடை மாதங்களில் குழாயடியில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வேலை. மார்கழி மழையில் அந்த வேலை மிச்சம். ஆனால் இடி முழங்கும்போது ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி நிலக்கம்பியோடு முறுக்கிவிடும் வேலை வந்து சேரும். அதைப் பெரியப்பா எவரிடமும் கொடுக்கமாட்டார்.

பற்றரி விலை கூடியது, ஆகவே கேட்பதற்குக் கணக்கு உண்டு. டிசம்பர் பிறந்ததும் வர்த்தக ஒலிபரப்பின் சினிமாப் பாட்டுகளுக்குத் தடை விழும். அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலுக்காக நாங்கள் அடுத்த வளவு வேலியோரம் போய் நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் பெட்டி ஒரு நாளில் செய்திக்கு மட்டும் திறக்கும். ஓய்ந்துபோகும் பற்றரியை வெயிலில் வைத்தால் இன்னும் சில மணி நேரம் உயிர் பிடிக்கும் என்று எல்லோரும் செய்வார்கள். மார்கழியில் வெயிலுக்கு எங்கே போவது? பெரியம்மா அதைச் சாக்கில் சுற்றி அடுப்படியில், சூடு படும் படாத தூரத்தில் வைப்பார். பலகாரம் சுடும் நாளில் அங்கே வைத்ததால் கட்டு முழுக்க எண்ணெய் மணம் ஏறி, நத்தார் இரவு பெட்டியைத் திறந்தபோது பாட்டுக்கு முந்திப் பலகார வாசனைதான் வந்தது.

ஒலி சீராக வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். வானத்தின் உயரத்திலுள்ள அயனிப் படையில் பட்டுத் திரும்பும் சிற்றலை, வேறு வேறு வழிகளில் வந்து ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் கொள்வதால் குரல் நெருங்கி வரும், பிறகு கிணற்றுக்குள் இறங்கிவிடும். இலண்டனிலிருந்து அப்படி வந்ததைக் கொழும்பில் பிடித்து மீண்டும் சிற்றலையிலேயே அனுப்பினால் எங்களுக்கு இரண்டு மடங்கு ஏற்ற இறக்கம். கூடவே வாடைக்காற்றுக் காலத்து மின்னலின் கரகரப்பு. ஆங்கிலம் தெரிந்த பெரியப்பாவுக்கே பாதி வசனம் தப்பிவிடும். தப்பியதை மறுநாள் நாளிதழில் பார்த்துக்கொள்வோம் என்பார். இத்தனைக்கும் அக்காலத்தில் ஆண்டுதோறும் தபாற்கந்தோரில் பணம் கட்டி வானொலி அனுமதிப்பத்திரம் எடுத்தாக வேண்டியிருந்தது.

கேள்வி: 1957 நத்தாருக்கு வானொலி கேட்கவே இல்லை என்று அம்மம்மா சொல்வார். நிலையம் மூடியிருந்ததா? (கல்முனை வாசகி)

பதில்: நிலையம் மூடியிருக்கவில்லை, கேட்பவர்களின் வீடுகளில்தான் வெள்ளம். 1957 டிசம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் கிழக்கிலும் வடமத்தியிலும் குளக்கட்டுகள் உடைந்தன, தெருக்கள் அறுந்தன, வயல்களும் ஊர்களும் மூழ்கின. உங்கள் கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். பெட்டியைப் பரணில் ஏற்றினாலும் நனைந்த பற்றரி பேசாது. அதே நத்தார் நாளில்தான் அரசியாரின் செய்தி முதன்முறையாகத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது. அவருடைய பாட்டனார் ஐந்தாம் ஜோர்ஜ் வானொலியில் முதல் நத்தார்ச் செய்தி சொல்லிச் சரியாக 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரித்தானியர் அவர் முகத்தைப் பார்த்த அந்த நாளில், அவர் குரலைக்கூடக் கேட்கும் நிலையில் உங்கள் அம்மம்மா இருக்கவில்லை.

கேள்வி: 'நத்தார்' என்பது தமிழ்ச் சொல்லா? (ஆரையம்பதி மாணவர்)

பதில்: போர்த்துக்கேயரின் 'நத்தால்' நம் நாவில் 'நத்தார்' ஆனது. தமிழகத்தார் அதைக் கேட்டால் சற்றே விழிப்பார்கள்.

கேள்வி: உலகின் முதல் வானொலி நிகழ்ச்சியே 1906 கிறிஸ்துமஸ் முன்னிரவில்தான் நடந்தது என்று படித்தேன். உண்மையா? (திருக்கோவில் ஆசிரியர்)

பதில்: அழகான கதை, ஆனால் நம்பத் தயங்குகிறேன். ரெஜினால்ட் ஃபெசண்டன் என்ற கனடா நாட்டுப் பொறியியலாளர் அமெரிக்காவின் பிராண்ட் ரொக் என்ற கடலோர நிலையத்திலிருந்து அன்றிரவு இசைத்தட்டு ஒலிக்கவிட்டும், தாமே வயலின் வாசித்தும், வேதவசனம் படித்தும் கடலில் நின்ற கப்பல்களுக்கு ஒலிபரப்பினார் என்பது கதை. அதே மாதம் 21ஆம் திகதி அவர் அங்கே நிபுணர்கள் முன்னிலையில் குரலை அனுப்பிக் காட்டியதற்கு அக்காலத்து அச்சுச் சான்று உண்டு. கிறிஸ்துமஸ் முன்னிரவு நிகழ்ச்சிக்கோ எந்தக் கப்பலின் குறிப்பேட்டிலிருந்தும் இதுவரை ஒரு வரி கிடைத்ததில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 1932 ஜனவரியில், ஃபெசண்டனே எழுதிய ஒரு கடிதம்தான் அதற்கு மூலம். முதுமையில் இரண்டு நாட்களை ஒன்றாக நினைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் அவ்வாண்டு ஜூலையில் காலமானார். ஐந்து மாதம் கழித்து, நத்தார் அன்று, சாண்ட்ரிங்ஹாம் மாளிகையிலிருந்து மன்னரின் குரல் கடல் தாண்டிப் போனது.