ஷெட்டுக்கு ஒரு செயலாளர்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியாவின் மென்ஸ் ஷெட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். ஓய்வுபெற்ற ஆண்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூடி, தச்சு வேலையும் வெல்டிங்கும் செய்து, டீ குடித்து, பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற அந்தப் பட்டறைகளில் ஒன்றில் நானும் உறுப்பினன். சிட்னியின் மேற்குப் பக்கம். எங்கள் ஷெட்டில் தமிழன் நான் ஒருவன்தான்.

ஒரு சிக்கல். வரப்போகும் ஆண்டுப் பொதுக்குழுவில் என்னைச் செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். நான் முப்பது வருடம் ஆபீசில் மினிட்ஸ் எழுதி ஓய்ந்தவன். ஷெட்டுக்குப் போவதே இழைப்புளியைப் பிடிக்கத்தான். இது போதாதென்று மேலே ஒரு தேசியச் சங்கம் வேறு. இன்சூரன்ஸ் படிவம், பாதுகாப்பு விதி, கணக்கெடுப்பு என்று மெயில் வந்துகொண்டே இருக்கிறது. நாலு கிழவர்கள் சேர்ந்து நாற்காலி செய்வதற்கு நாடு தழுவிய அமைப்பு எதற்கு? சங்கம் என்று ஒன்று வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? ஒன்று இரண்டாகி, பொங்கல் விழா இரண்டு இடத்தில் நடக்கும். நான் நிற்கலாமா, வேண்டாமா?

கே.எஸ்., சிட்னி

அன்புள்ள கே.எஸ்.,

நில்லுங்கள். ஆனால் இரண்டு வருடம்தான் இருப்பேன் என்று நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த மெயில் அனுப்புகிறவர்கள் விஷயம்.

ஷெட்டுகளைத் தேசியச் சங்கம் தொடங்கவில்லை. நடந்தது நேர் எதிர். தெற்கு ஆஸ்திரேலியாவில் கூல்வா என்ற கடலோரச் சிற்றூரில் 1993 வாக்கில் மேக்சின் சேஸ்லிங் என்ற பெண்மணி, தான் பொறுப்பிலிருந்த முதியோர் மையத்தில் ஆண்களுக்கென்று ஒரு பட்டறையை ஏற்படுத்தினார். 1998இல் விக்டோரியாவின் டோங்காலாவில் 'மென்ஸ் ஷெட்' என்ற பெயர்ப்பலகையோடு முதல் ஷெட் திறந்தது. அதே வருடக் கடைசியில் உங்கள் சிட்னியின் லேன் கோவில் இன்னொன்று. அதற்கும் முன்னால் நின்றவர் ஒரு பெண்மணி, ரூத் வான் ஹெர்க். ஆண்கள் உலகம் என்று சொல்லப்படும் ஓர் இயக்கத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் பெண்கள் இத்தனை பேர் இருப்பதை ஷெட்டில் யாராவது மீசையை முறுக்கினால் எடுத்துச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் ஒன்றுக்கொன்று தெரியாமல் முளைத்தவை. யாரும் திட்டம் போடவில்லை. ஊருக்கு ஊர் வந்தபின் ஆளுக்கு ஆள் ஒரே தலைவலியைத் தனித்தனியாகச் சுமந்தார்கள். பட்டறை நடத்த இன்சூரன்ஸ் வேண்டும். எழுபது வயதுக்காரர் வட்ட ரம்பத்தில் பலகை அறுக்கிறார் என்றால் எந்தக் கம்பெனி மலிவாகக் கொடுக்கும்? இருபது உறுப்பினர் உள்ள ஷெட் தனியாகப் போய்க் கேட்டால் ஆண்டுச் சந்தா முழுவதும் பிரீமியத்துக்கே போய்விடும். நூற்றுக்கணக்கில் சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு. 2007இல் ஆஸ்திரேலிய மென்ஸ் ஷெட் சங்கம் உருவானது. கூட்டு இன்சூரன்ஸ் ஏற்பாடு அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்தப் படிவம் இதற்குத்தான்.

அடுத்தது அரசாங்கம். கான்பெராவில் இருக்கும் மந்திரி ஆயிரத்துச் சொச்சம் ஷெட்டுகளோடு ஆயிரம் தடவை பேச மாட்டார். ஒருவரோடு பேசுவார். 2010இல் அந்த நாடு ஆண்களின் உடல்நலத்துக்கென்று தனியாக ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டபோது ஷெட்டுகள் அதில் இடம்பிடித்து, சங்கத்துக்கு நிதியும் கிடைத்தது. அப்புறம் கருவி வாங்க, முதலுதவிப் பயிற்சிக்கு, மாரடைப்பு வந்தால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வாங்கி மாட்ட என்று ஷெட்டுகளுக்கு மானியம் வந்தது. 2020இல் சட்டம் மாறி, ஷெட்டுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு பெற வழி பிறந்தது. இதில் பெண்கள் நடத்தும் ஷெட்டுகளும் சேர்த்தி. உங்கள் ஷெட் தலைவர் பன்னிங்ஸ் கடை வாசலில் சனிக்கிழமை முழுவதும் நின்று சாசேஜ் வாட்டி விற்றுப் பணம் சேர்த்துவிடுவார். வரிச் சட்டத்தை அப்படி மாற்ற முடியுமா?

ஆனால் இந்தச் சங்கத்துக்கு உங்கள் ஷெட் சொந்தமில்லை. இதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். கட்டடம் உங்களுடையது, அல்லது நகராட்சியோ தேவாலயமோ உங்களுக்கு விட்டது. கணக்கு உங்களுடையது. எந்த நாள் திறப்பது, பெண்களைச் சேர்ப்பதா, வேலை மரமா இரும்பா எல்லாம் உங்கள் முடிவு. மேலிருந்து ஆள் வந்து பூட்டுப் போட முடியாது. விக்டோரியா மாநிலத்துக்குத் தனிச் சங்கமே உண்டு. அதனால் ஒன்றும் வானம் இடிந்து விழவில்லை. நம் சங்கங்கள் உடைவது மேடைக்காக. யார் குத்துவிளக்கு ஏற்றுவது, யாருக்குப் பொன்னாடை, நன்றியுரையில் யார் பெயர் விட்டுப்போனது. ஷெட்டில் மேடையே இல்லை. சண்டை வராமலில்லை, உளியைத் தீட்டாமல் வைத்துவிட்டுப் போனவன் யார் என்று வரும். அது கையோடு தீர்கிற சண்டை.

அயர்லாந்திலும் இதே கதைதான். 2011இல் ஜான் எவோய் தொடங்கிய தேசியச் சங்கத்தின் குடையில் இன்று நானூறுக்கு மேல் ஷெட்டுகள். மொத்த மக்கள்தொகையே ஐம்பது லட்சத்துச் சொச்சம்தான். நியூசிலாந்திலும் தேசிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அங்கே குழுவில் உட்காருகிறவர்கள் தாங்களும் ஏதோ ஒரு ஊரில் ஷெட்டுக்குப் போகிற தன்னார்வலர்கள்.

இதை நான் வெறும் சிக்கனமாகப் பார்க்கவில்லை. சிட்னியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து ஷெட்டில் ஒரு காலை உட்கார்ந்திருந்தேன். போஸம் என்கிற மரவாழ் விலங்குக்குக் கூடு செய்துகொண்டிருந்தார்கள். புதிதாக ஒருவர் வந்தார். மனைவி தவறிப்போய்ச் சில மாதம் ஆனவர் என்று பிறகு சொன்னார்கள். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஷெட் தலைவர் ஒரு பழைய பஸ் டிரைவர். எழுந்து போய்க் கை குலுக்கவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "இந்தப் பலகையோட அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிங்க, நழுவுது" என்றார். அவர் வந்து பிடித்தார். பலகை நழுவவே இல்லை என்பதை நான் பார்த்தேன். அரைமணி கழித்து உப்புத்தாள் அவர் கையில் இருந்தது, ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வேளையில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஏதோ பேசினார்கள்.

ஆண்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது அந்த இயக்கத்தின் பிரபலமான வாசகம். நான் அதைச் சுவரொட்டியில் மட்டும் படித்திருந்தால் விளம்பரம் என்று நினைத்துக் கடந்திருப்பேன். விக்டோரியாவின் பல்லாரட் நகரில் பேராசிரியராக இருந்த பாரி கோல்டிங் இந்த ஷெட்டுகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, அங்கே வருகிறவரை நோயாளியாகவோ பயனாளியாகவோ நடத்தினால் ஷெட் செத்துவிடும் என்பது. வருகிறவருக்குச் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். உடல்நலப் பேச்சு அதன் பின்னால் வரும். ஆஸ்திரேலியச் சங்கம் ரத்த அழுத்தப் பரிசோதனையைக்கூட வண்டிக்கு சர்வீஸ் விடுவது மாதிரி ஜோடித்துத்தான் ஷெட்டுக்குள் கொண்டுவந்தது.

அந்தப் பஸ் டிரைவர் செய்ததைச் சம்பளத்துக்கு வந்த சமூகநல அலுவலர் செய்ய முடியாதா? செய்யலாம், ஆனால் அவர் பலகையைப் பிடிக்கச் சொன்னால் அது சிகிச்சையாகத் தெரியும். டிரைவர் சொன்னால் அது பலகை. தேசியக் குழுவிலும் இதே கணக்குத்தான். மேஜைக்கு வரும் ஒவ்வொரு புது விதியையும், "இதை எங்க ஊர் ஷெட்டுல சொன்னா சிரிப்பாங்க" என்று மடக்க ஓர் ஆள் வேண்டும். அன்றாட அலுவலுக்குச் சம்பள ஊழியர்கள் இருக்கட்டும், ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், வேண்டியதுதான். கடிவாளம் மரத்தூள் படிந்த கையில் இருந்தால் போதும்.

உங்கள் மாநிலத்தில் இதற்குச் சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. செயலாளராகப் போகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. நியூ சவுத் வேல்ஸின் 2011ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம், சம்பளத்துக்கு ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாத தன்னார்வச் சங்கத்தைத் தொழில் நடத்துகிற அமைப்பாகக் கருதுவதில்லை. கணக்கு எழுத வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் அந்த நிமிடமே நிலைமை மாறிவிடும். ஒரு தொழில் நிறுவனத்துக்கு உண்டான பாதுகாப்புக் கடமைகள் உங்கள் தலையில் வந்து விழும். அதற்காகச் சம்பள ஆளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யோசித்து வையுங்கள். சம்பள ஆள் இல்லையென்றால் விரல் போனாலும் பொறுப்பில்லை என்றும் அர்த்தம் இல்லை. அடிபட்டவர் வழக்குப் போடலாம், இன்சூரன்ஸ் கதை மறுபடி அங்கேதான் வரும்.

மற்றபடி செயலாளர் வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மாநிலச் சட்டப்படி குழுவில் குறைந்தது மூன்று பேர், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு, அரசோடு கடிதப் போக்குவரத்துக்கு ஒரு பொறுப்பாளர். முப்பது வருடம் மினிட்ஸ் எழுதியவருக்கு இது இடது கை வேலை. உங்கள் தகுதியே அதுதான். அங்கே இருக்கும் தச்சருக்கும் வெல்டருக்கும் ஒரு கடிதத்துக்குப் பதில் போடுவதற்குள் வியர்த்துவிடும். அவர்கள் உங்களுக்கு மூட்டுப் போடக் கற்றுத் தந்ததற்கு நீங்கள் படிவத்தை நிரப்பித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் என்று நான் சொன்னதற்குக் காரணம், இந்த அமைப்புகள் பெரும்பாலும் சண்டையால் அல்ல, அலுப்பால்தான் தேய்கின்றன. ஒருவர் நன்றாகச் செய்கிறார், அவரே செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் ஓடுகிறது. பாஸ்வேர்டு அவர் தலையில், சாவி அவர் பாக்கெட்டில், மானிய விண்ணப்பத்தின் நகல் அவர் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில். ஒரு நாள் அவர் படுக்கிறார். ஷெட்டும் கூடவே படுக்கிறது. உறுப்பினர்களின் வயதைப் பார்த்தால் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும், சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. தேசியக் குழுவுக்கும் இது பொருந்தும். அங்கே அறுபது வயதுக்காரர் இளைஞர்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே உங்களுக்கு ஓர் உதவிச் செயலாளரைக் கேளுங்கள். மெயில் அவருக்கும் போகட்டும். தேசியச் சங்கத்திலிருந்து வருவதை எல்லாம் ஷெட்டில் படித்துக் காட்டாதீர்கள். இன்சூரன்ஸ் தேதி, மானியக் கடைசி நாள், எந்திரப் பாதுகாப்பு, இந்த மூன்றைத் தவிர மற்றதை நீங்களே படித்து நீங்களே மறந்துவிடலாம். உறுப்பினர்களையும் காகிதத்தையும் பிரித்து வைப்பதுதான் உங்கள் உத்தியோகம்.

நிற்பதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை. வங்கியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதில் எத்தனை பேர் இன்னும் ஷெட்டுக்கு வருகிறார்கள் என்று பொருளாளரிடம் கேளுங்கள். அப்படியே வாசலில் இருக்கும் வருகை நோட்டையும் புரட்டிப் பாருங்கள். வருகிறவர்களின் வீட்டார் தொலைபேசி எண் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் தேர்தல் முடியும்வரை காத்திருக்காமல் ஒரு பட்டியல் தயார் செய்து, முதலுதவிப் பெட்டி இருக்கும் சுவரிலேயே மாட்டிவிடுங்கள்.

அன்புடன்.