தைமஸ் கேள்விகள்: சதவீதம் மட்டும் போதாது

தைமஸ் என்பது நெஞ்சுக்குள் இருக்கும், டி செல்கள் முதிரும் உறுப்பு. அதைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து பற்றியவை.

கேள்வி: சுண்டெலியின் தைமஸ் செல்களைத் தட்டில் வளர்த்து, சைக்ளோபாஸ்பமைடு சேர்த்தேன். செல்கள் சாகவே இல்லை. மருந்து காலாவதியா?

மருந்தில் குறையில்லை, தட்டில் கல்லீரல் இல்லை. கல்லீரல் நொதிகள் மாற்றிய பிறகுதான் இந்த மருந்து டிஎன்ஏவைத் தாக்கும். தட்டுக்கு மஃபாஸ்பமைடு வாங்குங்கள். அதற்குக் கல்லீரல் வேண்டாம்.

கேள்வி: ஊசி போட்ட நாலாம் நாள் தைமஸில் சிடி4 செல்கள் (டி செல்களில் ஒரு வகை) 10 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டன. மருந்து நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். மாதாமாதம் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார், நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சதவீதம் போட்டீர்களே, மொத்த செல் எண்ணிக்கை எங்கே?

இளம் சுண்டெலியின் தைமஸில் சுமார் 20 கோடி செல்கள் என்று வையுங்கள். அதில் 80 சதவீதம், அதாவது 16 கோடி, சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளப் புரதங்களும் கொண்ட இளஞ்செல்கள். முதலில் செத்து விழுவது இவைதான். முதிர்ந்த சிடி4 செல்கள் 2 கோடி. அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இப்போது மொத்தம் 2 கோடியாகச் சுருங்கி, அதில் சிடி4 செல்கள் 80 லட்சம் என்றால் உங்கள் 40 சதவீதம் வந்துவிடும். உண்மையில் 2 கோடியாக இருந்த சிடி4 செல்கள் 80 லட்சமாகத் தேய்ந்திருக்கின்றன. இதற்குப் பெயர் தூண்டுதலா? வழிகாட்டிகளும் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. தைமஸை எடைபோடுங்கள், செல்களை எண்ணுங்கள், அப்புறம் சதவீதத்துக்கு வாருங்கள்.

கேள்வி: மருந்து கொடுக்காத கன்ட்ரோல் எலியின் தைமஸிலேயே பி செல்கள் நிறைய வருகின்றன. ஏன்?

ஒட்டியிருக்கும், பி செல்கள் நிறைந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள். அவை தைமஸ் ஓரத்தில் சின்ன மணிபோல் உருண்டையாக இருக்கும். உருப்பெருக்கியின் கீழ் பிரித்தெடுங்கள். மருந்தால் சுருங்கிய தைமஸில் இந்தக் கலப்பு இன்னும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: தைமஸ் சுருங்கியது மருந்தாலா, எலியின் பதற்றத்தாலா?

நல்ல கேள்வி. பதற்றத்தில் அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டும் அதே இளஞ்செல்களைத்தான் கொல்லும். ஆனால் வழி வேறு. டிஎன்ஏ சிதைந்தால் செல்லைச் சாகவைக்கும் பி53 மரபணு இல்லாத சுண்டெலிகளில் 1993-இல் பார்த்தார்கள்: டிஎன்ஏவைச் சிதைக்கும் எட்டோபோசைடு மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் தைமஸ் செல்கள் அசையவில்லை, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக்கு வழக்கம்போல் செத்தன. அந்த வகை எலி கைவசம் இல்லையா? கன்ட்ரோல் குழுவுக்கும் அதே ஊசி, அதே நேரம், வெறும் சலைன். அட்ரினல் நீக்கிய குழு ஒன்றும் இருந்தால் நல்லது.

கேள்வி: தைமஸ் பாதியாகிவிட்டது, ஆனால் டிரைப்பன் புளூவில் (செத்த செல்லை நீலமாக்கும் சாயம்) செத்த செல்லே காணோம்?

செத்த செல்களை விழுங்கும் மேக்ரோபேஜ்கள் தின்று முடித்துவிட்டன. எண்ணுங்கள் என்று சொன்னது இதற்கும்தான்.

கேள்வி: எலிக்கு எவ்வளவு டோஸ் கொடுக்கலாம்?

எந்த எலி, என்ன வயது, ஒரே ஊசியா, தினமுமா? ஒன்றும் இல்லாமல் ஒற்றை வரி. முழுசாக எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: சுண்டெலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று படித்தேன். அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது, பயமாக இருக்கிறது.

அந்த எண்ணை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. உடல் பரப்பளவுக் கணக்கில் சுமார் 12-ஆல் வகுக்க வேண்டும். பெரியவர்களின் தைமஸ் ஏற்கெனவே பெரும்பாலும் கொழுப்பாகியிருக்கும். அம்மாவின் ரத்த எண்ணிக்கை பற்றி அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.