கணக்குப் பேசும் வீட்டில் அன்பு

கேள்வி: மணமாகிப் பதினொரு ஆண்டுகள். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் குத்தகைத் தோட்டத்தில் சின்ன வெங்காயம் செய்கிறோம். விடிய நான்கு மணிக்கு இறைப்புக்குப் போனால், படுக்கும்வரை மண்ணெண்ணெய், பசளை, கூலி என்பவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. வேலை கூடிய நாள்களில் என் கைகள் வெடித்தால் கணவர் நல்லெண்ணெய் சூடாக்கித் தடவிவிடுவார். அதைத் தவிர ஆசையாக ஒரு சொல் இல்லை. விதை வெங்காயத்துக்காக அவருக்குத் தெரியாமல் தவணைக் கடனும் எடுத்துவிட்டேன். எங்களிடையே அன்பு வற்றிவிட்டதா?

பதில்: சகோதரி, 'அதைத் தவிர' என்று நீங்கள் கடந்துபோன அந்த நல்லெண்ணெயில்தான் என் மனம் நின்றது.

இயந்திரம் வாங்க வசதியில்லாத எங்கள் வீட்டில் ஐயா கிணற்று ஏற்றமான துலாவை மிதிக்க, பெரியப்பா நீர் மொள்ளும் பட்டையைப் பிடிக்க, அம்மா பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். விடியாத இருளில் துலாவின்மீது முன்னும் பின்னும் நடப்பவருக்குக் கால் தவறினால் என்னவாகும் என்பதை அறிந்திருந்த அம்மா, ஒவ்வொரு பாத்தி நிறைந்ததும் 'நிறைஞ்சிட்டுது' என்று உரத்துச் சொல்வார். ஐயா மேலிருந்து 'ஓம்' என்பார். அவர்கள் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த 'ஓம்' சற்றுத் தாமதித்தால், அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடியதைக் கண்டிருக்கிறேன்.

இதைச் சொல்லி உங்கள் ஏக்கத்தை ஒதுக்க மாட்டேன். ஓர் இனிய சொல்லை எதிர்பார்ப்பது பேராசையல்ல. எண்ணெய் தடவும்போது உங்கள் மனம் எவ்வளவு ஆறுகிறது என்பதை அவரிடம் நீங்களே முதலில் சொல்லலாம்.

எனக்கு அச்சம் தருவது வறுமையன்று, அந்த மறைத்த கடன். அவருக்குக் கவலை கொடுக்கக்கூடாது என்றே மறைத்தீர்கள்; ஆயினும் தவணை கேட்பவர் படலையில் நிற்கும்போதுதான் அவர் அறிய நேர்ந்தால், கடனைவிட, நீங்கள் தனியே சுமந்தீர்கள் என்பதே அவரைச் சுடும். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான நம் தேசவழமை, மணத்தின்பின் ஈட்டிய பொருளைத் 'தேடிய தேட்டம்' என்று பெயரிட்டு, அதில் கணவன், மனைவி இருவருக்கும் உரிமை வைத்தது. தேட்டத்தில் பங்குள்ளவருக்கு உங்கள் திண்டாட்டத்திலும் பங்கு கொடுங்கள்.

வெங்காயம் விற்றுக் காசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் எண்ணெய் தடவும் இரவிலேயே, கையை அவர் கையில் விட்டபடி சொல்லிவிடுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும், தவணை அட்டை இனி இருவர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும்.