வீட்டுக்குள் திருடன் வந்தால் எதுவரை அடிக்கலாம்?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தரைத்தளத்தில் தனி வீடு. போன மாதம் எதிர்வீட்டில் நள்ளிரவில் பூட்டை உடைத்து ஆள் நுழைந்துவிட்டானாம். அன்றிலிருந்து கணவர் தலைமாட்டில் இரும்பு ராடு வைத்துக்கொண்டு தூங்குகிறார். மாமனார் ஒரு படி மேலே போய், இரவில் காம்பவுண்டு சுவர்க் கம்பியில் கரண்ட் விடலாம் என்கிறார். “திருடனை அடித்தால் எங்கள் மேலேயே கேஸ் வருமா?” என்பது வாசகியின் கேள்வி.

முதலில் மாமனார் விஷயம். வேண்டவே வேண்டாம். கரண்டுக்குத் திருடன் யார், பந்தெடுக்க வரும் பிள்ளை யார் என்று தெரியாது. விடியற்காலையில் பால் பாக்கெட் போட வருபவர் கேட்டில் கை வைப்பார். பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்கு அக்கம்பக்கத்தார் வராமலிருக்க மின்கம்பி கட்டினார். அதில் பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோனார். அத்துமீறி நுழைபவருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அவரைக் காயப்படுத்தப் பொறி வைக்க யாருக்கும் உரிமையில்லை என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பி கட்டியவருக்குக் கிடைத்தது தண்டனைதான். தற்காப்பு என்ற வாதம் இங்கே எடுபடாது.

இனி ராடு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்கள் உயிரை மட்டுமல்ல, பிறர் உயிரையும் காக்க இந்த உரிமை உண்டு. திருட்டு, கொள்ளை, அத்துமீறி நுழைதல், பொருளைச் சேதப்படுத்துதல் ஆகியவற்றிலிருந்து சொத்தைக் காக்கவும் உண்டு. வந்தவன் குடிபோதையிலோ மனநலம் சரியில்லாமலோ இருந்தாலும் உரிமை குறையாது.

எதிராளி சாகும் அளவுக்குப் போவதைச் சில நிலைகளில் மட்டுமே சட்டம் ஏற்கிறது. கொலை அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை 38-வது பிரிவில் வருகின்றன. சொத்து என்று வந்தால் 41-வது பிரிவு: கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, சூரியன் மறைந்து உதிக்கும் முன் வீட்டை உடைத்து நுழைவது முதலியன. ஆக, ராத்திரி பூட்டை உடைத்து உள்ளே வருபவனிடம் உங்கள் கணவருக்குள்ள உரிமை பெரியதுதான். முதல் அடி அவர் மேல் விழும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் இந்த எல்லா நிலைகளிலும் ஒரு நிபந்தனை உண்டு. தடுக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் போகக்கூடாது.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆபத்து இருக்கும்வரைதான் உரிமை. கத்தியோடு ஹாலில் நிற்பவனின் கையில் ராடால் அடித்தால் அது தற்காப்பு. கத்தி கீழே விழுந்து அவன் சுவரேறிக் குதித்து ஓடும்போது, துரத்திப் போய் மண்டையில் போட்டால் அது வேறு கேஸ். தூக்கிக்கொண்டு ஓடும் பொருளை மீட்கத் துரத்தலாம், பிடிக்கலாம், பிடுங்கலாம். உயிர் போகும்படி அடிக்க முடியாது. பிடிபட்டவனை விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்துத் தெருவே கூடித் தர்ம அடி கொடுப்பதைப் பார்க்கிறோம். அதற்குச் சட்டத்தில் ஒரு வரி ஆதரவும் கிடையாது. அவன் செத்துப்போனால் கொலை வழக்கு. அடித்தவர்கள் எல்லாரும் நம்மைப் போலக் குடும்பம் நடத்துபவர்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பிடித்தவனைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

சரி, அந்தப் பதற்றத்தில் எத்தனை அடி என்று யார் எண்ணுவார்கள்? நீதிமன்றத்துக்கும் இது தெரியும். அந்த நேரத்து வேகத்தைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு, வன்மம் இல்லாமல் எல்லை மீறி உயிர் போயிருந்தால் அது கொலைக் குற்றம் ஆகாது. ஆனால் கொலை ஆகாத மரணம் விளைவித்ததற்கான தண்டனை வரலாம்.

கேஸ் வருமா என்றால், வரும். ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் விசாரிப்பார்கள். அதைக் கண்டு ஒடிந்துபோகாதீர்கள். 2021-ல் திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில், பாலியல் வன்முறைக்கு முயன்ற உறவினரிடமிருந்து தப்பிக்கும்போது அவரைக் கொன்ற இளம்பெண்ணைத் தற்காப்பு என்று ஏற்றுக் காவல்துறையே விடுவித்தது.

எல்லாம் அப்படி ஸ்டேஷனிலேயே முடியாது. தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கான ஆதாரம் முதல் சில மணி நேரத்தில்தான் கிடைக்கும். நீங்களே 112-க்குப் போன் செய்யுங்கள். உடைந்த பூட்டு, சிந்திய ரத்தம், ராடு எதையும் தொடாதீர்கள், கழுவாதீர்கள். உங்களுக்குச் சிராய்ப்பு மட்டும்தான் என்றாலும் கீழ்ப்பாக்கம் ஜி.எச். போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். உங்கள் உடம்பில் இருந்த காயம்தான் பின்னால் உங்களுக்காகப் பேசும். தெருவில் யார் வீட்டிலாவது சிசிடிவி இருந்தால், பழைய பதிவு அழிவதற்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், பயத்தில் “நாங்கள் அடிக்கவே இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடித்தோம், இன்ன காரணத்தால் அடித்தோம் என்பதுதான் தற்காப்பு. முதலில் மறுத்துவிட்டுப் பிறகு மாற்றிச் சொன்னால் நம்ப வைப்பது பெரும்பாடு.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் பேசுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் கிடைப்பார்.